முக்கால் மைலுக்குக் கட்டுச்சோறு

அடுத்த வீட்டில் ஏத்தன் வாழைக்காயைச் சீவி உப்பேரி பொரிக்கிறார்கள். தேங்காயெண்ணெய் காயும் வாசனை ஜன்னல் வழியே வந்து, நான் தேடிக்கொண்டிருந்த மூக்குக் கண்ணாடியை மறக்கடித்துவிட்டது. (அது நெற்றியில்தான் இருந்தது. சிரிக்காதீர்கள்.) எனக்கு இந்த வாசனை என்றால் சுசீந்திரத்தில் தேரோடும் வீதிதான். அதை முதன்முதலில் சுற்றிப் பார்த்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்தில் வாத்திச்சியாகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

எங்கள் வீட்டிலிருந்து அந்த வீதி முக்கால் மைல். கோயில் மணி அடித்தால் எங்கள் அடுக்களையில் கேட்கும். ஆனால் எங்கள் சாதிக்காரர்கள் அங்கே கால் வைக்கக் கூடாது. என்னோடு வேலை பார்த்த ஞானம் கிறிஸ்தவப் பெண், அவளுக்குத் தடையில்லை. "ஒவ்வொரு வாசலும் என்ன அழகு தெரியுமா பிள்ள" என்று என் வயிற்றெரிச்சலைக் கிளப்புவாள்.

அப்பா வாழைக்குலை வண்டி ஓட்டினார். வீதி தொடங்கும் ஆலமரத்தடியில் பிரிந்து, குளத்தின் பின்கரையோரம் போகும் தடத்தில் சுற்றி வளைந்துதான் சந்தைக்குப் போவார். இளவயதில் ஒருமுறை பெருமழைக்கு வண்டியை வீதிக்குள் திருப்பியவரை நாலுபேர் சத்தம் போட்டு விரட்டியிருக்கிறார்கள். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒருநாள், வீதி எல்லாருக்கும் திறந்தாயிற்று என்று செய்தி வந்தது. போய்ப் பார்த்தே தீருவது என்று நான் குதித்தேன். அப்பா அசையவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. ஆலமரம் வரைக்கும் வண்டியில கொண்டு விடுதேன். நான் அங்கனயே நிப்பேன்."

"நீங்க வராம என்னத்தப்பா பாக்கது?"

"என்ன விட்டுரு மக்கா."

அவர் வராமல் வேடிக்கை பார்க்கப் போகிறோமே என்று எனக்கு அழுகையாக வந்தது.

அம்மா கல்யாணப் புடவை உடுத்தி, வாழையிலையில் புளிச்சோறு கட்டிக்கொண்டாள். முக்கால் மைலுக்கு! காசிக்குப் போகிறவர்கள்கூட அவ்வளவு கட்டியிருக்க மாட்டார்கள்.

ஆலமரம் வந்தது. நாங்கள் இறங்குவதற்குள் காளை வழக்கம்போலப் பின்கரைத் தடத்தில் திரும்பிவிட்டது. வீதி திறந்த சேதியை அதற்கு யார் போய்ச் சொல்வது? அப்பா கயிற்றை இழுத்துப் பார்த்தார். அது கேட்பதாயில்லை. குதித்து இறங்கி மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார்.

"ஏலே, ஒனக்கு இன்னும் விவரம் தெரியல்லியா? வழி தொறந்தாச்சுலே!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். காளையை நேராகத் திருப்பி நடத்தினார். முன்னால் அவர், பின்னால் காளை, வண்டிக்குள் மூச்சுவிடாமல் நாங்கள். நாலு வீடு தாண்டிய பிறகுதான், தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. நின்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேலே நடந்தார்.

அப்புறம் நாங்கள் பார்த்த பார்வை இருக்கிறதே! ஒரு வீட்டுக் கதவில் எத்தனை பித்தளைக் குமிழ் என்று எண்ணினேன். அம்மா கோலம் கோலமாக நின்று பார்த்தாள். கோபுரத்தின் அடியில் அண்ணாந்து நின்றதில் அப்பாவின் துண்டு கீழே விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. முக்குக் கடையில் சுடச்சுட உப்பேரி வாங்கிக்கொண்டு, தெப்பக்குளப் படியில் உட்கார்ந்து சோற்றைப் பிரித்தோம்.

குளித்துக் கரையேறிய ஓர் அம்மாள் எங்களையே பார்த்தாள். விரட்டப் போகிறாளோ என்று நான் இலையை மடக்கினேன்.

"எந்த ஊருலேருந்து வாறிய? ரொம்ப தூரமோ?" என்று கேட்டாள்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ஆமா, ரொம்ப தூரம்" என்றார்.

சிரித்துவிடாமலிருக்க அம்மா என் தொடையைக் கிள்ளினாள். எனக்கோ கண் கலங்கிவிட்டது.

இன்று அந்தப் பித்தளைக் குமிழ்க் கதவுகள் இல்லை. கடைகளின் இரும்புக் கதவுகள்தான். அதில் எனக்கு வருத்தம் உண்டு. பின்கரைத் தடம் இருந்த இடத்தில் வரிசையாக வீடுகள் வந்துவிட்டன. வீதிக்குள் விடாததால் இந்த வழியாகத்தான் நாங்கள் சுற்றிப் போனோம் என்றால், "போங்க பாட்டி, கத விடுதிய" என்கிறாள் பேத்தி. அவள் நம்பாதது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!