மூணு ஷிஃப்ட் நாய்

என் கிட்ட வர்ற நாய், பூனை, ஆடு எதுவும் இது வரைக்கும் ஒரு பொய் சொன்னதில்ல. கூட வர்ற மனுஷங்கதான் வாயத் தொறந்தா புளுகு. "இன்னா சாப்பிட்டுச்சு?"ன்னு கேட்டா, "ஒண்ணுமே இல்ல டாக்டர், வெறும் பால் சோறு"ம்பாங்க. எக்ஸ்ரே எடுத்தா வயித்துக்குள்ள கோழி எலும்பு முழுசா படுத்துக்கினு இருக்கும். "தடுப்பூசி போட்டாச்சா?"ன்னு கேட்டா போட்டாச்சு. எங்க போட்டீங்கன்னா, அது அவங்க மாமா ஊட்ல இருக்கும்போது. மாமா நம்பர் குடுங்கன்னா மாமா செத்துட்டாரு. கும்மிடிப்பூண்டில கிளினிக் வெச்ச நாள்லேந்து எத்தன மாமாங்கள இப்படிப் பறி குடுத்திருக்கேன்னு எனக்கே தெரியாது.

அதனால யார் இன்னா சொன்னாலும் நான் நம்பறதில்ல. "நீ ஊசி புடிக்க வேண்டியவளே இல்ல, லத்தி புடிக்க வேண்டியவ"ன்னு என் ஊட்டுக்காரர் சொல்லுவாரு. சொல்லட்டும். பஞ்சர் கடைக்கும் மெஸ்ஸுக்கும் நடுவுல ஒரே ஒரு ஷட்டர் போட்ட எடம் என்னுது. காலையில டேபிளத் தொடச்சா துணி கருப்பா வரும், அவ்ளோ இரும்புக் கம்பெனிப் புகை. மத்தியானம் திரும்பத் தொடச்சா திரும்பக் கருப்பு. இந்த ஊர்ல எதையும் ஒரு தடவ பார்த்துட்டு முடிவு பண்ண முடியாது.

அந்த நாய மொத தடவ கொண்டாந்தவரு ஒரு கம்பெனி கேட்ல காலை ஷிஃப்ட் செக்யூரிட்டி. வயசானவரு. ஆந்திரா பார்டர் பக்கத்து ஆளு. லாரி டிரைவர்லேந்து என் கிளினிக்ல திரியற பூனை வரைக்கும் எல்லாரும் அவருக்கு நைனாதான், தெலுங்குல அப்பான்னு அர்த்தம். "வா நைனா, படு நைனா"ன்னு நாயத் தூக்கி டேபிள்ல வெச்சாரு. பொட்டை நாய். அதுவும் நைனா. எடை போடற மேடைகிட்ட கன்டெய்னர் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னங்கால்ல உரசிட்டுதாம். எலும்புக்கு ஒண்ணும் ஆகல, நல்ல வீக்கம். வலி மாத்திரை எழுதிக் குடுத்தேன். "ஒரு நாளைக்கு ஒண்ணு. சாப்பாட்டுல வெச்சுக் குடுங்க. ஒண்ணுக்கு மேல கூடவே கூடாது"ன்னேன்.

"கேட் வாட்ஸப் குரூப்புல மருந்துச் சீட்ட போட்டோ எடுத்துப் போட்டுடறேம்மா, எல்லாருக்கும் தெரிஞ்சுடும்"னாரு.

அந்த நாய்க்கு ஓனர் கெடையாது. கேட்ல மூணு ஷிஃப்ட்டு, மூணு செக்யூரிட்டி. மூணு பேரும் சோறு போடறாங்க, மூணு பேரும் ஆளுக்கொரு பேர் வெச்சுக் கூப்பிடறாங்க, அதுவும் மூணு பேருக்கும் வால ஆட்டிக்கினு போவுது. இந்த மூணு பேரும் சேர்ந்து உக்காந்து ஒரு டீ குடிச்சதில்ல. ஒருத்தர் வந்தா இன்னொருத்தர் கிளம்பிடுவாரு. சாவியக் கையில குடுக்கற நேரந்தான் பேச்சு. அதுலயும் பாதி சண்டை.

ஒரு வாரம் போயிருக்காது. காலை ஷிஃப்ட்காரரு கம்பெனியோட குட்டி யானை லோடு வண்டில நாயப் போட்டு எடுத்துக்கினு வந்தாரு. நாய் நிக்க மாட்டேங்குது. வாயோரம் ரத்த வாந்தி. பின்னாடி தார் மாதிரி கருப்பா பேதி. ஈறத் தூக்கிப் பார்த்தேன், வெள்ளைக் காகிதமா வெளுத்துக் கெடந்துச்சு.

"வெசம் வெச்சுட்டான்மா"ன்னு அழுவுறாரு மனுஷன். "எனக்குத் தெரியும், அந்த நைட்டு ஆளுதான். எலி மருந்து."

நைட் ஷிஃப்ட்காரரு ஆர்.கே.பேட்டைப் பக்கம். சொந்தமா கொஞ்சம் நெல்லு நெலம் இருக்கு, அண்ணந்தம்பிங்க பார்த்துக்கறாங்க, இவரு இங்க ரூம் எடுத்துத் தங்கிக்கினு வேல பார்க்கறாரு. யார்கிட்டயும் பேச மாட்டாரு. "அவன் ஃபிளாஸ்க்குல அவன் டீ, அவன் டப்பால அவன் சோறு. நாங்க ஒரு வாய் குடுத்தா தொட மாட்டான்மா. நெலக்காரன் இல்ல? வயல்ல எலிக்கு மருந்து வெக்கிறவனுக்கு நாய்க்கு வெக்கத் தெரியாதா?"ன்னாரு காலை ஷிஃப்ட்காரரு. அது மட்டுமில்ல. கால் அடிபட்ட அன்னைக்கு, "இந்த நாய வேற எங்கனா கொண்டு போய் உட்டுடுங்க"ன்னு அந்தாளு கேட் குரூப்புல போட்டிருந்தாராம். போனத் தொறந்து எனக்கே காட்டினாரு.

எனக்குக் கேக்கணுமா? நானும் அந்தாள மனசுக்குள்ளயே புடிச்சு உள்ள வெச்சுட்டேன். ஆனா நாயி கதை வேற மாதிரி சொல்லிச்சு. எலி மருந்துன்னா ரத்தம் உறையாது, ஊசி குத்துன எடமே கசிஞ்சுக்கினு இருக்கும். நான் எடுத்த ரத்தம் குழாய்ல கொஞ்ச நேரத்துல கெட்டியா நின்னுச்சு. இது வயித்துல புண்ணு. வலி மாத்திரை அதிகமானாதான் இப்படி ஆவும்.

"உண்மையச் சொல்லுங்க, மாத்திரை எத்தன குடுத்தீங்க?"

"ஒண்ணேதாம்மா. என் கையால, இட்லில வெச்சு."

சாயந்திரமா மீஞ்சூர்லேந்து பைக்ல வர்ற மத்தியான ஷிஃப்ட்காரரு போன் பண்ணாரு. சின்ன வயசு, ஞாயித்துக்கிழம சர்ச்சுக்குப் போவணும்னு லீவுக்குச் சண்ட போடற ஆளு. அவர்கிட்டயும் அதையே கேட்டேன். "சத்தியமா ஒண்ணுதான் மேடம், பன்னுல வெச்சு. பைபிள் மேல அடிச்சுச் சொல்றேன்"னாரு. நாலு ரத்த டெஸ்ட் எடுத்தும் எனக்குப் புரியல. ரெண்டு பேரும் ஒண்ணுதான்னு சத்தியம் பண்றாங்க, நாய் வயிறு புண்ணாக் கெடக்குது. எவனோ ஒருத்தன் புளுகறான், எவன்னுதான் தெரியல.

அதுக்குள்ள செக்யூரிட்டி ஏஜென்சி ஃபீல்டு ஆபீசர் போன்ல வந்துட்டாரு. "வெசம்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். அந்த நைட் ஆள இன்னைக்கே தூக்கிடறேன். ரெண்டு பேரு கம்ப்ளெயின்ட் குடுத்திருக்காங்க." ஒரு மனுஷன் சோறு என் நாக்குல நின்னுச்சு. சொல்லத்தான் வாய் வந்துச்சு. அந்த ரத்தம் மட்டும் உறையாம இருந்திருந்தா சொல்லியிருப்பேன். "நாளைக்குச் சொல்றேன்"னு வெச்சுட்டேன்.

மறுநாள் நான் ஷட்டர் தூக்க வரும்போதே அந்த நைட் ஷிஃப்ட்காரரு பஞ்சர் கடை டயர் மேல உக்காந்துக்கினு இருந்தாரு. டியூட்டி முடிஞ்சு தூங்கப் போவல, காக்கி சட்டையோட, கையில அதே ஃபிளாஸ்க்கு. உள்ள வரல. டிரிப்ஸ் ஏறிக்கினு இருந்த நாய வாசல்லேந்தே பார்த்தாரு. தப்பு பண்ணவன்தான் இப்படி வந்து எட்டிப் பார்ப்பான்னு எனக்குத் தோணிச்சு, ஆமா, அப்படித்தான் தோணிச்சு.

"பொழச்சுக்குமா டாக்டர்?"

"நீங்க இன்னா குடுத்தீங்கன்னு சொன்னா பொழைக்கும்"னு மூஞ்சில அடிச்ச மாதிரி கேட்டேன்.

அவரு கோவப்படல. "மாத்திரைதான் குடுத்தேன். நீங்க எழுதினதுதான். அவங்க ரெண்டு பேரும் வாய்ப் பேச்சுதான் டாக்டர், குடுக்க மாட்டாங்கன்னு தெரியும். அதான் நானே மெடிக்கல்ல வாங்கி, டெய்லி ஒண்ணு முட்டைல வெச்சுக் குடுத்தேன்."

அய்யோ கடவுளே. அப்படின்னா ஒரு நாளைக்கு மூணு மாத்திரை.

மத்தியானம் ஷிஃப்ட் மாறும்போதுதான் மத்த ரெண்டு பேரும் கேட்ல ஒண்ணா இருப்பாங்க. அந்த நேரம் பார்த்து இவர ஸ்கூட்டர்ல பின்னாடி ஏத்திக்கினு கேட்டுக்குப் போனேன். எங்களப் பார்த்ததும் காலை ஷிஃப்ட்காரரு மூஞ்சி சுண்டிப் போச்சு. "இந்தாள எதுக்கும்மா கூட்டிக்கினு வந்தீங்க?"

"வாய மூடுங்க. மூணு பேரும் பாக்கெட்ல இருக்கறத வெளிய எடுங்க."

மொதல்ல முழிச்சாங்க. அப்புறம் ஒருத்தர் சட்டைப் பாக்கெட்லேந்து, ஒருத்தர் பைக் கவர்லேந்து, ஒருத்தர் டிபன் பையிலேந்து. மூணு பேர் கையிலயும் அதே மாத்திரை அட்டை, மூணுலயும் பாதி காலி. எடை மேடைல நின்ன லாரி டிரைவரு கூட எறங்கி வந்து பார்த்தாரு.

"குரூப்புல 'குடுத்தாச்சு'ன்னு போட்டேனே நைனா!"ன்னு காலை ஷிஃப்ட்காரரு மத்தியான ஆள்கிட்ட கத்தினாரு.

"நீ போட்ட. இன்னும் பஸ்ஸே ஏறாம 'டியூட்டிக்கு வந்தாச்சு'ன்னும் போடற ஆளுதானே நீ? உன் மெசேஜ எவன் நம்புவான்?"

"ரெண்டு பேரும் அப்படித்தான்"னாரு நைட் ஷிஃப்ட்காரரு, தரையப் பார்த்துக்கினு.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! "ஒருத்தன் குடுத்தத இன்னொருத்தன் நம்பாம, மூணு பேரும் சேர்ந்து பாசத்துல ஒரு நாயக் கொல்லப் பார்த்திருக்கீங்கடா பாவிங்களா! இதுக்கு எலி மருந்தே தேவலாம், அதையாவது வேணும்னு வெப்பாங்க"ன்னு நடு ரோட்ல நின்னு கத்தினேன். வயசுல பெரியவரு முன்னாடி 'டா' போட்டது கூட அப்புறம்தான் உறைச்சுது. நைட் ஷிஃப்ட்காரரு மெதுவா சொன்னாரு, "வேற எடத்துல உடச் சொன்னது அதுக்குத்தான் டாக்டர். இங்க லாரிங்க ஜாஸ்தி. ஒரு நாள் இல்ல ஒரு நாள் மாட்டிக்கும்." காலை ஷிஃப்ட்காரரு அதக் கேட்டுக்கினு வேற பக்கம் திரும்பிக்கினாரு.

அங்க நின்னுக்கினே ஃபீல்டு ஆபீசருக்குப் போன் போட்டேன். வெசம் இல்ல, மாத்திரை கூடிப் போச்சு, யாரையும் வேலய உட்டுத் தூக்கிடாதீங்கன்னேன். "நெஜமாவா மேடம்?"னு அவரு ரெண்டு தடவ கேட்டாரு. அவருக்கும் என் வியாதிதான் போல.

அதோட முடியல. அடுத்த நாள் வாந்தி நின்னுடுச்சு, மாத்திரையால அடி வாங்குன கிட்னியும் கொஞ்சம் தேறிச்சு, ஆனா நாய் சாப்பிட மாட்டேங்குது. அன்னைக்கு வாயில ஏதாவது எறங்கியே ஆவணும், இல்லன்னா கையில இருக்கற உசுரும் போயிடும். கஞ்சி வெச்சேன், மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. இட்லி வெச்சேன், மோந்து பார்த்துட்டு பின்னாடி நகர்ந்துச்சு. எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது. ஒரு வாரமா யாரு கையால எதத் தின்னாலும் உள்ள ஒரு கசப்பு, அப்புறம் வயித்து வலி. இட்லில, பன்னுல, முட்டைல, எல்லாத்துலயும். அதுக்கும் யாரு மேலயும் நம்பிக்கை இல்லாம போச்சு. அதப் பார்க்கறப்போ எனக்கு அழுவை வந்துச்சு.

மத்தியானம் காலை ஷிஃப்ட் முடிச்சுட்டு பெரியவரு வந்தாரு. நைட் ஷிஃப்ட்காரரு காலையிலேந்து அங்கதான். ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலைல நின்னாங்க. டியூட்டில இருந்த மத்தியான ஆளு வீடியோ கால்ல வந்து, அவரு வெச்ச பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கினு இருந்தாரு. நாய் காத மட்டும் ஆட்டிச்சு.

பெரியவரு இட்லியப் பிட்டு நீட்டினாரு. நாய் வாயை இறுக்கிக்கிச்சு. "நைனா, நான்தான்டா, தின்னு"ன்னாரு. ஊஹும்.

நைட் ஷிஃப்ட்காரரு டப்பாவத் தொறந்தாரு. அவரே ரூம்ல வெச்சுப் பெசஞ்சு எடுத்துக்கினு வந்த தயிர் சோறு. தரைல சம்மணம் போட்டு உக்காந்து, ஒரு கை அள்ளி நீட்டினாரு. நாய் அந்தக் கையப் பார்த்துச்சு, அவர் மூஞ்சியப் பார்த்துச்சு, தலையத் திருப்பிக்கிச்சு. அவரு கையப் பின்னாடி எடுக்கல. நீட்டுன கை நீட்டுனபடியே இருந்துச்சு.

பெரியவரு முட்டி புடிச்சுக்கினு மெதுவா அவர் பக்கத்துல வந்து உக்காந்தாரு. அவர் கையில இருந்த சோத்துல பாதிய எடுத்து, நாய் கண்ணு முன்னாடி, தன் வாயில போட்டு மென்னாரு.

நாய் எழுந்து வந்து அவர் வாயை மோந்து பார்த்துச்சு. அப்புறம் குனிஞ்சு, நைட் ஷிஃப்ட்காரர் கையில மிச்சம் இருந்ததத் தின்ன ஆரம்பிச்சுது.

பெரியவரு இன்னும் மென்னுக்கினேதான் இருந்தாரு. "உப்பே போடலியா நைனா?"ன்னு அவரக் கேட்டாரு.