தூள் நிறுக்கும் தராசு

உள்ளங்கையளவுத் தராசு அது. பக்கத்தில் யாராவது பெருமூச்சு விட்டாலே இலக்கங்கள் ஓடத் தொடங்கிவிடும். சுவிஸில், லாங்கன்தாலில் எங்கள் குசினி மேசையில், மிளகாய்த்தூள் போத்தலுக்கு அருகே அதை முதன்முதலில் கண்டபோது, இது எதற்கு என்று மகளைக் கேட்டேன். "தூள் நிறுக்க அம்மா. கொஞ்சம் கூடினாலும் ஆபத்து" என்றாள், கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல்.

இங்கே பிறந்த பிள்ளைகளின் தமிழ் இப்படித்தான். ஜெர்மனில் யோசித்துவிட்டு, கைக்குக் கிடைத்த முதல் தமிழ்ச் சொல்லை எடுத்து நம் தலையில் போடுவார்கள். ஜெர்மனில் 'புல்வர்' என்றால் எந்தப் பொடியும்தான். நம் ஆட்களின் வாயில் 'தூள்' என்றால், சமையலை விட்டால் மிச்சம் போதைப்பொருள்தான். அவள் வேலைத்தோழி ஒருத்தியோடு சனிக்கிழமைகளில் ஏதோ 'பெராயின்' என்று போய்வருவது மட்டும் எனக்குத் தெரியும். முயல் வளர்க்கிறவர்களுக்குக்கூடப் பெராயின், அதாவது சங்கம், வைத்திருக்கிற நாடு இது. நான் துருவிக் கேட்கவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஷ்லீரனில் இருக்கும் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். இயந்திரத் தொழிற்சாலையில் வேலை செய்பவர், எதற்கும் பதறாதவர். அன்று அடுத்த ரயிலிலேயே வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் நுழைந்தார்.

"எவ்வளவு காலமாய் பிள்ளை இந்தத் தூள்?"

"இன்னும் தொடங்கேல்லை மாமா. முதல்ல நல்ல மெஷினாப் பாத்து எடுக்கோணும். ஒவ்வொண்டாச் செய்யிறதோ, ஒரேயடியாக் கனக்கச் செய்யிறதோ எண்டு யோசிக்கிறன்."

"கனக்கவோ? ஆருக்கு?"

"எனக்குத்தான். பெராயினில கனபேர் வீட்டிலதான் செய்யினம். ஒரு பொலிஸ்காரரும் செய்யிறார். கடைச் சாமானைவிட நல்லா வருமாம்."

அண்ணை கதிரையில் இருந்துவிட்டார். "பொலிஸுமோ!" என்று என்னைப் பார்த்தார். எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்த மகள், அறைக்குள் போய் ஒரு பிளாஸ்ரிக் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தாள். எல்லாம் பித்தளைக் கோதுகள், துப்பாக்கியால் சுட்டு முடித்த வெற்றுக் கோதுகள். அவள் போய்வந்தது சுடும் சங்கத்துக்கு. அந்தக் கோதுகளுக்குள் வெடிமருந்தை நிரப்பி, புதுச் சன்னத்தை, அதாவது குண்டை, ஒரு மெஷினால் அழுத்திப் பொருத்தித் திரும்பவும் சுடலாமாம். அந்த வெடிமருந்தைத்தான் என் பிள்ளை தூள் என்றிருக்கிறாள்.

நிம்மதிப்பட எனக்கு ஒரு மூச்சு நேரம்தான் கிடைத்தது. கோது ஒன்று உருண்டுவந்து என் விரலில் முட்டியது. நான் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றேன்.

யாழ்ப்பாணத்தில், பள்ளிக்கூடம் போகிற வயதில், அண்ணை வீதியில் பொறுக்கிய ஒரு கோதைக் கொம்பாஸ் பெட்டிக்குள் வைத்திருந்தார், விசில் ஊதுவதற்கு. சுற்றிவளைப்பில் ஆமி அதைக் கண்டது. அந்த ஒரு வெற்றுக் கோதுக்காக அவரைக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது அவருக்கு இடது காது கேட்கவில்லை.

ஆகவே அவர் வீடு அதிரக் கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ ஒரு கோதை எடுத்து, கீழுதட்டில் வைத்து ஊதினார். கூர்மையான விசில் எழுந்தது. "மாமா, சூப்பர்!" என்று மகள் கைதட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "அந்த மெஷின்ர படத்தைக் காட்டு" என்றார்.

"அண்ணை, நான் உங்களை ஏசச் சொல்லிக் கூப்பிட்டனான்!"

"ஏசிறன், பொறு. பிள்ளை, அலுமினியம் வேண்டாம், வார்ப்பிரும்பு எடு. ஒரேயடியாச் செய்யிறதும் வேண்டாம். ஒவ்வொண்டாச் செய்தால்தான் ஒவ்வொண்டையும் பாப்பாய்."

அவர் ஏசிய ஏச்சு இவ்வளவுதான். ரயிலுக்குப் போகும்போது, கேட்கிற காதைத் தடவியபடி, "அவளுக்கு ஏன் எங்கட பயத்தைக் குடுப்பான்?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் கதவை அடித்துச் சாத்தினேன்.

மெஷின் இப்போது கீழே நிலவறையில் பூட்டியிருக்கிறது. நான் அங்கே இறங்குவதில்லை. ஆனால் அங்கே காற்றடிக்கிறதாம், தராசு நில்லாதாம், அதனால் நிறுப்பது மட்டும் என் குசினியில். அந்த நேரம் அடுப்பு எரியாது. அது என் சட்டம். அவள் எழுந்ததும் மேசைக்கடியில் கோது ஏதும் விழுந்து கிடக்கிறதா என்று குனிந்து தடவிப் பார்ப்பேன். "அம்மா, இது சுவிஸ். ஒருத்தரும் பிடிக்க மாட்டினம்" என்பாள். எனக்குத் தெரியாதா?

போன சனிக்கிழமையும் எதிரே உட்கார்ந்து காவல் இருந்தேன். தராசு பூச்சியத்துக்கு வரவே இல்லை. அவள் யன்னலைச் சாத்தினாள், மூச்சை அடக்கினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, மேசையில இருந்து கையை எடுங்கோ."

எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இலக்கம் பூச்சியத்தில் நின்றது.