அம்மாளின் வாயை அடைத்த கட்டுரை

போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு பிடி முருங்கைக் கீரை. வவுணதீவுப் பக்கத்திலிருந்து தோணி ஏறி, வெயிலில் நடந்து வந்திருக்கிறாள்.

"பேப்பரில எழுதுற வாத்தியார் நீங்கதானே?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாவிக்கு அக்கரையிலும் நமக்கு வாசகர்கள்! எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

"ஓம் அக்கா, நான்தான். இருங்க."

"எனக்கு வாசிக்கத் தெரியா வாத்தியார். உங்கட எழுத்து எங்கட அம்மாள் கோயில் சுவரில ஒட்டிக் கிடக்கு. போடியார்தான் ஒட்டினவர்."

அவ்வளவுதான், பெருமை இறங்கிவிட்டது. எந்த எழுத்து என்று எனக்குத் தெரியும்.

பழைய வாசகர்களுக்கு ஞாபகமிருக்கலாம். இரண்டு வருஷத்துக்கு முன் அந்தக் கோயிலின் வைகாசித் திருவிழாவுக்கு, ஊரார் சொல்கிற சடங்குக்கு, போய்வந்து ஒரு கட்டுரை எழுதினேன். அன்று பார்த்தது இதுதான். கதிராமன் என்று ஒருவர். போடியாரின் வயலில் முல்லைக்காரர் — கூலியாட்களை வைத்து வேலை வாங்குகிறவர். போடியாரோ அந்த வயல்வெளி முழுவதற்கும் சொந்தக்காரர். அவர் வரம்பில் வந்தால் கதிராமன் சேற்றில் இறங்கி நின்று வழி விடுவார்.

அதே கதிராமன் உடுக்கு முழங்க, வேப்பிலையோடு ஆடி வந்து, அதே போடியாரின் முன்னால் நின்று "டேய்!" என்றார்.

"ஏன்டா என்ட புள்ளையளுக்குத் தண்ணி போற வாய்க்கால அடைச்ச நீ?"

போடியார் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "பிழைதான் தாயே" என்றார். மறுநாள் காலையில் வாய்க்கால் திறந்திருந்தது.

நான் என்ன எழுதினேன் தெரியுமா? வாய்க்காலைப் பற்றி ஒரு வரி இல்லை! ஆகாயக் கப்பல் பறக்கிற காலத்தில், ஒருவனுடைய வெறியாட்டத்துக்கு முன்னால் படித்த மனிதர் நடுங்குவதா, இது என்ன காட்டுமிராண்டித்தனம் என்று இரண்டு பத்தி நிறையக் குமுறியிருந்தேன். அதைப் பாராட்டி முதலில் கடிதம் எழுதியவர் யார்? போடியார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

வரவில்லை. கடிதத்தைப் பத்திரமாக மேசை லாச்சியில் வைத்தேன்.

போடியார் சும்மா இருக்கவில்லை. வெளியூரிலிருந்து ஒரு ஐயரை வரவழைத்தார். உடுக்குப் போய் நாதஸ்வரம் வந்தது. ஆட்டமும் வாக்குச் சொல்வதும் அடியோடு நிறுத்தப்பட்டன. கோயில் சீர்திருந்திவிட்டது... நானும் ஒரு வேலை செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பெண்ணின் பெயர் பொன்னம்மை. தாய்வழியாக வந்த ஒரு வளவு அவளுக்கு இருக்கிறது. ஒரு வீடு, ஒரு கிணறு, நாலு தென்னை. எங்கள் பக்கத்து வழக்கப்படி அது அவளுடைய மகளுக்குச் சீதனமாகப் போக வேண்டும். மாப்பிள்ளையும் பேசியாயிற்று. இரண்டு மாதத்துக்கு முன் போடியார் வேலியை நகர்த்திக் கிணற்றோடு பாதி வளவை உள்ளே எடுத்துவிட்டார். வளவு இல்லையென்றால் கலியாணம் இல்லை.

"விதானையாரிட்டப் போனீங்களா?" என்று கேட்டேன். ஊருக்கு அரசாங்க அதிகாரி அவர்தான்.

"அவர் போடியார்ட மச்சான்." கீரையைப் படியில் வைத்தாள். "அம்மாள் வந்தா அவவிட்டச் சொல்லியிருப்பன். அவ இப்ப வாறல்ல. மறுகா நான் ஆரிட்டச் சொல்ற? நீங்கதான் அவட வாய அடைச்ச நீங்க. நீங்களே வந்து சொல்லுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பேசித் தப்பியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

சனிக்கிழமை போனேன். போடியார் உட்காரக் கதிரை போட்டார். தேத்தண்ணி வந்தது. சீனிக்குக் கூப்பன் வந்த இந்த யுத்த காலத்தில் சீனி போட்ட தேத்தண்ணி! விஷயத்தைச் சொன்னேன்.

"வளவுக்கு உறுதிப் பத்திரம் இருக்கா வாத்தியார்? உறுதியக் காட்டினா நாளைக்கே வேலியப் புடுங்கிறன்."

"தாய் மகளுக்கு, மகள் தன்ட மகளுக்கு எண்டு வாயால குடுத்த வளவு. அதுக்கு ஆர் உறுதி எழுதினது? அது அவட எண்டு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார். கொஞ்சமும் தயங்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சு என்ன, கோட்டில நீதவானுக்குத் தெரிய வேணுமே? முந்தியெண்டா அம்மாள் வந்து கேட்டா, ஊர் பாத்துக்கொண்டு நிக்கும், குடுத்துத்தான் ஆக வேணும். அதெல்லாம் பொய்யெண்டு நீங்கதானே விளக்கின நீங்க. பெரிய உபகாரம் வாத்தியார்."

கிண்டல் என்று நினைக்கிறீர்களா? இல்லை. மனிதர் உண்மையாகவே நன்றி சொன்னார். அந்தத் தேத்தண்ணியைக் குடித்து முடிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. குடித்தேன்.

எங்கள் நகரத்தில் நாலைந்து படித்த நண்பர்கள் ஞாயிறுதோறும் கூடிச் சமூகத்தை ஆராய்கிறோம். நானும் அதில் ஒருவன். சீமைப் புத்தகங்கள் மேசையில் அடுக்கியிருக்கும். மதம் பணக்காரனின் கைக்கருவி. பள்ளிக்கூடமும் பஸ்ஸும் மின்சார லைட்டும் வந்தால் அது தானாகக் கரைந்துவிடும் — இது எங்கள் முடிவு. பஸ் வந்தது. போடியார் வீட்டுக்கு லைட்டும் வந்தது. மதம் எங்கே கரைந்தது? புதுக் கோபுரம் கட்டுகிறார்கள். எங்கள் தத்துவம் கரைத்தது ஏழைகளுக்கு இருந்த ஒரே நீதிமன்றத்தை மட்டும்தான். நீதவானும் சாட்சியும் வக்கீலும் எல்லாம் அந்த வேப்பிலைக்குள் இருந்தார்கள். அதை அறியாமை என்று எழுதியவன் நான். யாருடைய அறியாமை?

திங்கட்கிழமை இந்த வருஷச் சடங்கின் கடைசி நாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு, மத்தியானப் பூசைக்கு நானும் போய் நின்றேன். பொன்னம்மை மகளோடு ஓரமாக நின்றாள். மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். கதிராமன் ஒரு தூணருகே.

ஐயர் கற்பூரம் காட்டினார். கதிராமனின் தோள் நடுங்க ஆரம்பித்தது. பிறகு முழங்கால். பக்கத்தில் நின்றவர்கள் விலகி இடம் விட்டார்கள். பொன்னம்மை கையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டாள். போடியாரின் முகம் வெளிறியதை நான் கண்ணால் கண்டேன். ஐயருக்கும் கோபுரத்துக்கும் அப்பால் மனிதருக்கு இன்னும் பயம் இருந்தது! அம்மாள் என்று ஒருத்தி இல்லை என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை. ஆனாலும் வா தாயே, வந்து கேள் என்று மனதுக்குள் மன்றாடினேன்.

கதிராமன் தலை நிமிர்ந்தார். கூட்டத்தில் என்னைக் கண்டார். தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பூசை முடிந்தது. போடியார் திருநீறு பூசிக்கொண்டு வெளியே போனார். மாப்பிள்ளை வீட்டார் பொன்னம்மையின் பக்கம் திரும்பாமல் வண்டியில் ஏறினார்கள். அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

நான் கதிராமனிடம் போனேன். முகமெல்லாம் வியர்வை.

"ஏன் அண்ணே நிப்பாட்டினீங்க?"

"அவ வந்திட்டா வாத்தியார்" என்றார். "நீங்க நிக்கிறதக் கண்டன். திரும்பவும் பேப்பரில போட்டிருவீங்க எண்டுதான் அடக்கிப் போட்டன்."

போட்டுவிட்டேன் — இந்தத் தடவை போடியார் இதைக் கோயில் சுவரில் ஒட்டமாட்டார்.