ரேஸ் குதிரையும் நேர்ந்துவிட்ட கிடாவும்

நாலு வருடத்துக்கு முன் ஒரு வைகாசி மாதம், ஆரணியில் எங்கள் நெசவுத் தெருவுக்கு ஒரு ரேஸ் குதிரை வந்து சேர்ந்தது. வாங்கி வந்தவர் என் வீட்டுக்காரர். வீட்டில் இரண்டு தறியும், முன்னறையில் சேலை வியாபாரமும் வைத்திருக்கிற மனுஷருக்குக் குதிரை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

"கல்யாணப் பட்டு எடுக்க எங்கெங்கயோ இருந்து இங்கதான் வராங்க. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரையும் நம்மகிட்டயே புடிச்சிக்கினு போவட்டுமே" என்றார்.

ஆழம் தெரியாமல் காலை விடுவது அவருக்குக் கைவந்த கலை. சென்னையில் ரேஸ் ஓடி, முன்காலில் அடிபட்டதால் ஓய்வு கொடுத்துவிட்ட குதிரை அது. வயது ஏழுதான் இருக்கும். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைக் கோடு. லாரியிலிருந்து அது இறங்கியபோது தெருவே தறியை விட்டு எழுந்து வந்து பார்த்தது. வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் கொட்டகை போட்டுக் கட்டினோம்.

முதல் ஊர்வலம் முக்கால் தெருகூடப் போகவில்லை. மண்டப வாசலில் யாரோ சரவெடியைப் பற்ற வைத்தார்கள். ரேஸில் படாரென்று கதவு திறந்ததும் ஓடிப் பழகிய ஜீவன் அது. மாப்பிள்ளையோடு செய்யாறு ரோட்டில் பிய்த்துக்கொண்டு பறந்துவிட்டது. காலில் அடி என்றார்களே, அன்றைக்கு மட்டும் அந்த ஞாபகமே அதற்கு இல்லை. ஜனங்கள் பைக்கில் துரத்திப் போய்ப் பார்த்தால், ஒரு புளியமரத்தடியில் குதிரை சாதுவாக நிற்கிறது, மாப்பிள்ளை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தலைப்பாகை மட்டும்தான் போயிற்று. நல்லவேளை, அந்தப் பிள்ளை சிரித்துவிட்டான். பெண்ணின் தாய்மாமன் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் எங்கள் குதிரையை யாரும் கூப்பிடவில்லை.

தெருவிலும் முணுமுணுப்பு தொடங்கியது. எங்கள் தெருவில் காலையில் தறிக்கு ஏற்றும் நெடுக்கு நூலான பட்டுப் பாவை நீளமாக விரித்துக் கட்டி, இழை அறுந்திருக்கிறதா என்று பார்ப்போம். பாவு விரித்திருக்கும்போது பூனை குறுக்கே போனால்கூட மனசு பதறும். இங்கே ஆள் உயரத்துக்கு ஒரு குதிரை தும்மிக்கொண்டு நிற்கிறது. எல்லோரும் மனசுக்குள் திட்டினார்கள். வாய்விட்டுத் திட்டியவர் எதிர்வீட்டு அக்கா ஒருவர்தான்.

"இன்னாம்மா, நாங்க பாவு பாக்கறதா, இல்ல ஒங்க குதிர சாணிய வாரிக்கினே இருக்கறதா? ஒரே பேஜாரா போச்சு" என்று தினமும் காலையில் ஒரு பாட்டு. தப்பு சொல்ல முடியாது. அவர் பாவுக்கு நேர் எதிரேதான் எங்கள் கொட்டகை.

அந்த அக்கா வீட்டு வாசலில் ஒரு கறுப்புக் கிடா கட்டியிருக்கும். தெருக்கோடி மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடா. அவர் மகளுக்கு இரண்டு முறை கரு தங்காமல், மூன்றாவது முறைதான் ஒரு பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அந்த வேண்டுதலுக்குத்தான், குட்டியாக வாங்கி வளர்த்தார். வருகிற ஆடியில் வெட்டுவதாகப் பேச்சு.

அந்தக் கிடாவுக்கும் எங்கள் குதிரைக்கும் எப்படி ஒட்டிக்கொண்டதோ தெரியாது. கயிற்றை அறுத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்குள் வந்துவிடும். குதிரையின் தொட்டியில் வாய் வைக்கும். வயிற்றுக்கடியில் நின்று கண்ணை மூடும். அக்கா வந்து காதைப் பிடித்து இழுத்துப் போனால், குதிரை காலை உதைத்துக் கனைத்துக்கொண்டே இருக்கும். கிடா திரும்பி வந்தால்தான் அடங்கும். நாங்கள் அதை ஒரு வேடிக்கை என்றுதான் நினைத்தோம்.

ஆனி மாதம் தரகர் ஒருவர் குதிரையைக் கேட்டு வந்தார். வாங்குகிறவர்கள் அதை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். அறுப்புக்குத்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. என் வீட்டுக்காரரும் தலையைக் குனிந்துகொண்டார். நல்ல இடம் பார்க்காமல் இதை வாசல் தாண்டி அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பெண்ணுக்கு வரன் தேடுவது போல அலைந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். வெம்பாக்கத்தில் ஒருவர் போனிலேயே "ஏர் ஓட்டுமா?" என்று கேட்டார். பண்ணை வீடு வைத்திருந்த இன்னொருவருக்கு வாசலில் அழகுக்கு நிறுத்த வேண்டுமாம். அழகு போனால் என்ன செய்வீர்கள் என்றேன். போனை வைத்துவிட்டார்.

கடைசியில் எங்களிடம் சேலை எடுக்க வந்த ஒருவர் மூலமாகப் படவேட்டில் இடம் அமைந்தது. போலீஸில் குதிரைப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். மலையடிவாரத்தில் வாழைத்தோப்பு, பக்கத்திலேயே வேலி போட்ட புல்வெளி. வேறு மிருகம் எதுவும் வளர்க்கவில்லை. ஆரணிக்கு வந்து குதிரையின் காலைத் தடவிப் பார்த்தார், காதோரம் எதையோ சொன்னார். "இது ஓடி சம்பாரிச்சது போதும்மா. இனிமே சும்மா இருக்கட்டும்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷமாக அனுப்பி வைத்தோம்.

குதிரை போய் ஒரு வாரத்திலேயே போன் வந்தது. குதிரை தீனியைத் தொடவே மாட்டேன் என்கிறதாம். டாக்டர் பார்த்துவிட்டார், நோய் ஒன்றும் இல்லை என்றாராம். பைக்கில் ஓடினோம். படலோரம் ஆரணிப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது. விலா எலும்பு தெரிந்தது. நான் கொண்டு போன கேரட்டை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"குதிர தனியா இருக்காதும்மா. அங்க அதுகூட எதாச்சும் பழகிக்கினு இருந்துச்சா?" என்று அவர் கேட்டார். எதிர்வீட்டுக் கிடாவைப் பற்றிச் சொன்னோம். வேறு ஒரு ஆட்டைக் கொண்டு வந்து விட்டும் பார்த்தார். குதிரை அதைச் சீண்டக்கூட இல்லை.

ஆடி பிறந்துவிட்டது. சாமிக்கு நேர்ந்ததை எந்த வாயால் கேட்பது? அதுவும் பேத்தி உயிருக்காக நேர்ந்தது. எதிர்வீட்டுப் படியை மிதித்துவிட்டுத் திரும்பி வந்தேன். திரும்பவும் போனேன். ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அக்கா கேட்டுக்கொண்டே பாவு நூலை நீவிக்கொண்டிருந்தார்.

"எம் பேத்தி உசுரு உனுக்கு வெளையாட்டா பூட்சா?" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். படவேட்டுக்குப் போன் செய்து என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை அக்காவே எங்கள் வாசலில் வந்து நின்றார். தலைக்குக் குளித்திருந்தார். ஒரு கையில் கிடாவின் கயிறு, ஒரு கையில் கற்பூரத் தட்டு.

"குளிச்சிட்டு ஜல்தியா வா. ஆத்தாகிட்ட பூ கேப்போம். செவப்பு வந்தா வெட்டறேன். வெள்ள வந்தா உசுரோட உட்டுடறேன். அப்புறம் ஒரு பேச்சு பேசக்கூடாது."

பூக் கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, ஒன்றில் வெள்ளைப் பூ. இலையில் மடித்துச் சாமி காலடியில் வைப்பார்கள். யாராவது ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். எந்தப் பூ வருகிறதோ அதுதான் சாமி வாக்கு. பெண் பார்ப்பதிலிருந்து கிணறு வெட்டுவது வரை இப்படிக் கேட்டிருக்கிறோம்.

கோவிலில் எங்களைத் தவிர யாரும் இல்லை. வாழையிலைக் கிழிசலில் மடித்து நார் சுற்றிய இரண்டு பொட்டலம். அவர் வீட்டிலேயே கட்டி எடுத்து வந்திருந்தார். அம்மன் காலடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீதான் எடுக்கணும்."

சிவப்பு வந்தால் குதிரை போய்விடும். வெள்ளை வந்தால் இவர் மனசு என்ன பாடுபடும்? எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். பிரித்தால் வெள்ளை நந்தியாவட்டை.

"ஆத்தா சொல்லிட்டா" என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு கற்பூரம் ஏற்றினார். நான் விழுந்து கும்பிட்டேன். எழுந்து பார்க்கையில், கிடா கயிறு எட்டிய மட்டும் கழுத்தை நீட்டி, மிச்சமிருந்த பொட்டலத்தை இலையோடு இழுத்து மென்றுகொண்டிருந்தது. நார் அவிழ்ந்து பூ தரையில் சிதறியது.

அதுவும் நந்தியாவட்டைதான்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் மட்டும் எப்போதும் போல.

"இன்னா பாத்துக்கினு நிக்கற? வண்டிய இட்டுக்கினு வா."

லோடு ஆட்டோவில் கிடாவோடு பின்னால் அவரும் ஏறிக்கொண்டார். படவேடு போகும்வரை மடியில் கிடாவின் தலையைப் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் எதையோ வேண்டிக்கொண்டே வந்தார். தோப்பில் வண்டி நின்றதும் கிடா கத்தியது. படலோரம் நின்ற குதிரை காதை நிமிர்த்திக் கனைத்த கனைப்பு இருக்கிறதே, இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கிடா உள்ளே ஓடி அதன் வயிற்றுக்கடியில் நின்றது. கொஞ்ச நேரம் இரண்டும் அப்படியே நின்றன. அப்புறம் குதிரை தலையைக் குனிந்து ஒரு வாய் புல் கடித்தது. போலீஸ்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்த வருடம் முழுக்க எதிர்வீட்டுப் பேத்திக்குச் சளி என்றால்கூட நான் ஓடிப் போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். எனக்கே அப்படி என்றால், வேண்டுதலைத் தெரிந்தே மாற்றியவருக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு காய்ச்சலின்போது விடிய விடியக் கோவில் படியிலேயே உட்கார்ந்திருந்தார் என்று பூசாரி சொல்லித்தான் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியதில்லை. குழந்தை நன்றாக இருக்கிறது. பால்வாடிக்குப் போகிறது, பாட்டியைப் போலவே ஊரை அதட்டுகிறது.

ஒவ்வொரு ஆடிக்கும் அக்கா படவேட்டுக்குப் போய்ப் பொங்கல் வைத்து, கிடாவுக்கு மஞ்சள் பூசிவிட்டு வருவார். நாங்களும் கூடப் போவோம். குதிரை பளபளவென்று ஆகிவிட்டது. கிடாவுக்குக் கொம்பு வளர்ந்து, அந்தப் புல்வெளிக்கே அதுதான் நாட்டாமை. போன வருடம் குழந்தை கையில் இருந்த கேரட்டைக் குதிரை மெல்ல வாங்கித் தின்றபோது, அக்கா, "சாணி வார ஒரு ஆள வெச்சிருக்காங்களா?" என்று போலீஸ்காரரைக் கேட்டார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அம்மன்தான் வழி காட்டினாள் என்று தெருவில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். நானும் ஆமாம் என்றுதான் சொல்கிறேன். ஆனால் தெருக்கோடிக் கோவிலில் கண்ணை மூடும்போதெல்லாம், தனக்குப் பிடிக்காத ஒரு குதிரைக்காகத் தன் பயத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு, இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே மடித்த அந்தக் கைகளைத்தான் நான் முதலில் கும்பிடுகிறேன்.