கோழிச் சீக்கும் நங்கையாவும்

எண்பதுகளின் தொடக்கத்தில், நாமக்கல் பக்கத்தில், எங்கள் கடலைக்காட்டில் பாதியை எடுத்துக் கோழிக்கொட்டகை போட்டிருந்தோம். கோழிகளைப் பார்த்துக்கொண்டது என் வீட்டுக்காரரின் அக்கா. கணவனை இழந்து எங்களோடு இருந்தவர். நங்கையா என்று கூப்பிடுவேன். என் சின்ன மகள் அவர் இடுப்பிலேதான் வளர்ந்தாள். பெற்றவள் என்று நான் பேருக்கு இருந்தேன்.

ஒரு வருடம் கோழிகள் ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிப் படுத்துச் செத்தன. கால்நடை டாக்டர் ஒன்றை அறுத்துக் காட்டினார். ஈரல் முழுக்க வெள்ளைக் கட்டிகள். “வைரஸால வர்ற புத்துநோய்ங்க” என்றார். என் வீட்டுக்காரர் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

சில மாதத்தில் நங்கையாவுக்கு மார்பில் புற்றுக்கட்டி. சேலத்தில் அறுத்து எடுத்துவிட்டு வந்தார். வந்தவரை இந்த மனுசன் என்ன செய்தார் தெரியுமா? சீக்குக்கோழியை ஒதுக்குவதுபோல் கொட்டகை ஓரத்து அறையில் விட்டார். தனித் தட்டு, தனிச் சொம்பு. கொட்டகைக்குள் போகுமுன் கால் நனைக்க வைக்கும் பினாயில் தண்ணியை அந்த அறை வாசலிலும் வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அவங்க உங்க கூடப் பொறந்தவிங்களா, கோழியா?”

“புள்ளைங்க இருக்கற ஊடு” என்றார், தலை நிமிராமல்.

அந்தக் கால்நடை டாக்டரை நானே கூட்டிவந்தேன். அறை வாசலில் நின்று பொறுமையாகச் சொன்னார்.

“செல்லு எப்பப் பெருகணும், எப்ப நிக்கணும்னு சொல்ற ஜீன் எல்லா உசுருக்கும் உள்ளயே இருக்குதுங்க. கோழிக்குள்ள வைரஸ் பூந்து அந்த ஒழுங்கைக் கெடுத்துருது. அப்புறம் நல்ல செல்லே நிக்காமப் பெருகுது. அக்காவுக்கு அந்த ஜீனு வேற ஏதோ காரணத்துல கெட்டிருக்கு. இந்தக் கோழி வைரஸ் மனுசனுக்கு வராதுங்க. இவிங்களத் தொட்டாலும் யாருக்கும் ஒட்டாது.”

என் வீட்டுக்காரர் பினாயில் தண்ணியை எடுத்துக் கொட்டினார். “அக்கா, ஊட்டுக்கு வா” என்று அந்தத் தனித் தட்டையும் சொம்பையும் கையில் எடுத்துக்கொண்டார்.

நங்கையா அசையவில்லை. “டாக்டரு நல்லவரு, அப்படித்தான் சொல்லுவாரு. செத்த கோழியெல்லாம் இந்தக் கையிலதான அள்ளுனேன்? புள்ளையக் கிட்ட உடாதீங்க சாமி.”

கெஞ்சினேன், திட்டினேன், சோறு தின்னாமல் கிடந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மகள் வாசலில் நின்று கை நீட்டி அழுவாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பாவி மனுசி, அந்த முதுகு குலுங்குவது எனக்குத் தெரியும்.

அடுத்த மழைக்காலத்தில் கட்டி திரும்ப வந்தது. குளிப்பாட்டிக் கோடித்துணி போர்த்திய பிறகுதான் என் மகள் அவர் கையைப் பிடித்தாள்.