மாமாவின் வீட்டுக்கு வழி

என் அக்கா சுஷீலாவின் வீட்டுக்காரர் பொன்சாமி, எனக்கு மாமா. ஃபிஜித் தீவில் ரக்கிரக்கி என்கிற ஊரில் கரும்பு போட்டுப் பிழைத்தவர். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத மனிதர், இங்கிலீஷ் என்றால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. எங்கள் வீடுகளில் எல்லாம் இந்திதான் புழக்கம். மாமாவுக்குக் கோபம் வந்தாலும் மனசு கலங்கினாலும் தமிழ் வந்துவிடும். கோயிலில் பாடிய அவருடைய அப்பா விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான்.

எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அவருடைய அண்ணன் தம்பிகள் கனடாவுக்கும் சிட்னிக்கும் கிளம்பிவிட்டார்கள். மாமா அசையவில்லை. எல்லாரும் போனால் கரும்பை யார் வெட்டுவது என்று கேட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டார். இரண்டாயிரத்தில் மறுபடியும் துப்பாக்கியோடு வந்து பாராளுமன்றத்தைப் பிடித்தார்கள். அந்த வருஷமே அவருடைய குத்தகையும் முடிந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர்களான பூர்வகுடி ஃபிஜிக்காரர்கள் அதைத் திருப்பிக் கேட்டார்கள். மாமா சண்டைக்குப் போகவில்லை. மண் அவர்களுடையது, கேட்கிறார்கள், இதில் பேச என்ன இருக்கிறது என்றார். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

மண்தான் அவர்களுடையது, வீடு இவர் கட்டியது. அப்போது எங்கள் பக்கத்தில் குத்தகை போன பலரும் செய்ததையே அவரும் செய்தார். தன் வீட்டைத் தானே பிரித்தார். ஆணியைப் பிடுங்கி, கூரைத் தகரத்தை இறக்கி, மரம், ஜன்னல் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு, தலைநகர் சுவாவுக்குப் பக்கத்தில் நகாசியில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வேலியோரமாக அடுக்கி, மழை படாமல் மூடி வைத்தார். அக்காவும் அவர்கள் மகள் ரோஷிகாவும் அவரும் என் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தார்கள்.

அக்கா நர்ஸ். நியூசிலாந்தில் நர்ஸ்களைக் கூப்பிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டாள். இங்கிலீஷ் தேர்வில் அவள் தேறிவிட்டாள். புருஷனும் இங்கிலீஷில் பேசித் தேறினால்தான் குடும்பமாகப் போகலாம் என்று ஏஜெண்ட் குண்டைத் தூக்கிப் போட்டான். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் அக்கா டீச்சர், மாமா மாணவர்.

மற்றதெல்லாம் தட்டுத் தடுமாறி வந்தது. போவதும் வருவதும்தான் அவரைப் படுத்தி எடுத்தது. நமக்கு வீட்டுக்குப் போகிறோம், ஆற்றுக்குப் போகிறோம், எல்லாவற்றுக்கும் ஒரு ‘க்கு’ போதும். இங்கிலீஷ்காரனுக்கு உள்ளே நுழைந்தால் ‘இன்டு’, குறுக்கே கடந்தால் ‘அக்ராஸ்’, நடுவில் புகுந்து போனால் ‘த்ரூ’, ஓரமாகவே போனால் ‘அலாங்’, தாண்டிப் போனால் ‘பாஸ்ட்’. மாமா எல்லாவற்றுக்கும் ‘டு’ போட்டார். அக்கா ஒரு ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு டம்ளருக்குள்ளே, தட்டுக்குக் குறுக்கே என்று நகர்த்திக் காட்டினாள். அவர் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. ஸ்பூனை எறிந்துவிட்டு, ரக்கிரக்கியில் பஸ்ஸை விட்டு இறங்கி நம் வீட்டுக்கு எப்படிப் போவது, சொல்லுங்கள் என்றாள். அவ்வளவுதான், மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கிங்ஸ் ரோட்டோடு ‘அலாங்’, கோயிலைத் தாண்டி ‘பாஸ்ட்’, கரும்பு ரயில் தண்டவாளத்துக்குக் குறுக்கே ‘அக்ராஸ்’, கரும்புக்கு நடுவே ‘த்ரூ’, கதவைத் திறந்தால் வீட்டுக்குள்ளே ‘இன்டு’. ஒவ்வொரு சொல்லுக்கும் அவருக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது. தினமும் அந்த வழியாகவே போய்ப் போய் எல்லாம் மனப்பாடம். நானும் ரோஷிகாவும், மாமா இன்றைக்கு வீட்டுக்குப் போயாச்சா என்று கேலி செய்வோம்.

தேர்வு சுவாவில். நான்தான் கூட்டிப் போனேன். கேள்வி கேட்டவள் வயதான வெள்ளைக்காரி, நல்ல மாதிரி. பெயர் கேட்டாளாம், தொழில் கேட்டாளாம், எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறார். பிறகு சிரித்துக்கொண்டே, பஸ்ஸில் வந்தால் உங்கள் வீட்டுக்கு நான் எப்படி வரவேண்டும் என்று கேட்டிருக்கிறாள். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி அவர் படித்த அதே கேள்வி.

கரும்புக்காட்டில் வீட்டுக்கு வழியை யாரும் சும்மா கேட்கமாட்டார்கள். கேட்டால் வரப்போகிறார்கள் என்று அர்த்தம். வழி சொல்கிறவன், வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று சேர்த்துச் சொல்லுவான், அன்றைக்கே ஒரு கோழியும் குறித்து வைப்பான். அக்கா கேட்டபோது அது பாடம். ஒரு வயதான அம்மாள், புது ஆள், முகம் பார்த்துக் கேட்டதும் மாமாவுக்கு அது நிஜமாகவே பட்டுவிட்டது. மன்னிக்க வேண்டும் மேடம், வராதீர்கள், வீடு இல்லை, நான் பிரித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். புரியவில்லை போலிருக்கிறது என்று அவள் மறுபடி கேட்க, இவரும் அதையே மறுபடி சொல்லிவிட்டு அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. தேறவில்லை.

வெளியே வந்து இதைச் சொன்னதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சுவாவில் உட்கார்ந்து கேட்கிற வெள்ளைக்காரி ரக்கிரக்கிக்கு உங்கள் வீட்டுக் கோழி தின்னவா வரப்போகிறாள் என்று கத்தினேன். அவர் தமிழில்தான் பதில் சொன்னார்.

“வாங்கன்னு கூப்பிட ஒரு எடம் இல்லாதவன் எப்படிடா வழி சொல்லுவான்?”

அக்கா அவரைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நானும் போகவில்லை என்று, தனக்கும் ரோஷிகாவுக்கும் வந்திருந்த விசாவை எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள். மாமா விடவில்லை. ரோஷிகாவின் படிப்பைச் சொன்னார், ஊர் இருக்கிற நிலைமையைச் சொன்னார், அடுத்த தடவை நான் தேறி பின்னாலேயே வந்துவிடுவேன் என்றார். விசாவுக்குக் கெடு முடியும் நேரத்தில் இரண்டு பேரையும் நாந்தி விமானநிலையத்துக்கு அவரே கூட்டிப்போய் ஏற்றிவிட்டார்.

பின்னாலேயே போகவில்லை. நகாசியில் ஒரு கிடங்குக்குக் காவல் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். முதலில் ரோஷிகா மூச்சு விடாமல் பேசினாள். போகப்போக அப்பாவிடம் சொல்ல அவளுக்கு விஷயம் குறைந்தது. சாப்பிட்டியா, படிக்கிறியா என்பதற்குமேல் இவருக்கும் கேட்கத் தெரியவில்லை. தேர்வைப் பற்றி அக்கா கேட்கும்போதெல்லாம், அடுத்த மாசம் என்பார். ஒரு வருஷம் அப்படியே ஓடிவிட்டது. வீம்பு என்றுதான் நான் நினைத்தேன்.

ஒரு ஞாயிறு அக்கா போனில் அழுதாள். எதிரே நின்ற எனக்கே கேட்டது.

“நீங்க வரலேன்னா நான் வேலைய விட்டுட்டு வந்துடறேன். இவளையும் கூட்டிக்கிட்டு வந்துடறேன்.”

மறுநாளே போய்த் தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார்.

இந்தத் தடவை நல்ல மார்க்கோடு தேறிவிட்டார். முடிவு தெரிந்த அன்று நான் ஜிலேபி வாங்கி வந்தேன். அவர் தொடவில்லை. தேறினதற்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சீண்டினேன். ஜிலேபிப் பொட்டலத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

“இந்தத் தடவ கேட்டவரும் அதே கேள்விதான்டா கேட்டாரு. ஒன்னோட நகாசி வீட்டுக்கு வழி சொன்னேன். என் வீடுன்னு சொன்னேன். வந்து சாப்பிடுங்கன்னும் சொன்னேன்.”

அதனால் என்ன மாமா, இதுவும் உங்கள் வீடுதானே என்றேன்.

“வீட்ல யார் யாரு இருக்காங்கன்னு கேட்டாரு. பொண்டாட்டி இருக்கா, மக இருக்கா, இப்ப நான் வீட்டுக்குப் போனதும் மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம்னு சொன்னேன். ஒரு எடத்துலகூட தடுக்கலடா. தண்ணி மாதிரி வந்துச்சு.”

சொல்லிவிட்டு அழுதார். தன் கையால் வீட்டைப் பிரித்த அன்றுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் அக்கா சந்தோஷத்தில் கூவினாள். அப்பா வருகிறார் என்று ரோஷிகாவைக் கூப்பிட்டாள். இந்தத் தடவை மட்டும் எப்படிப் பேசினீர்கள், என்ன சொன்னீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நல்லாத்தான் பேசினேன் என்று சொல்லிவிட்டு, போனை என் கையில் கொடுத்துவிட்டு மாமா வெளியே போய்விட்டார்.