பதினோராவது வீட்டு விலாசம்

எங்களோடு பயிற்சி எடுத்தவர்களில் இந்த வயதிலும் சைக்கிளை விடாதவள் அவள் ஒருத்திதான். வீட்டோடு தங்கி நோயாளியைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. நோயாளி இருக்கும்வரை ஓர் அறை உண்டு. அவர் போனால் அறையும் போய்விடும். இருபத்தாறு வருஷத்தில் அவள் பதினோரு வீடுகளில் இருந்துவிட்டாள். அவளுக்கென்று இருந்தவை இரண்டு பெட்டி, ஒரு சைக்கிள். அதற்குமேல் சேர்த்தால் அடுத்த வீட்டில் வைக்க இடம் இருக்காது.

ஐம்பத்தெட்டு வயதில், குறைந்த வாடகைக்கு வீடு கட்டிக் கொடுக்கும் ஒரு சங்கத்தில் மனு போட்டாள். ஓர் அறை, ஒரு சமையலறை, உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள கதவு. அவள் கேட்டது அவ்வளவுதான். அந்தச் சங்கத்துக்கு ஆதரவு திரட்ட, நாட்டின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை சைக்கிள் பயணம் ஏற்பாடாகியிருந்தது. முப்பத்தெட்டு நாள், நாற்பது பேர். அதிலும் பேர் கொடுத்தாள். போனால் வீடு சீக்கிரம் கிடைக்கும் என்றெல்லாம் இல்லை.

"கேட்டுட்டு சும்மா உட்கார்ந்திருந்தா எனக்கே ஒரு மாதிரி இருக்கு" என்றாள்.

என் முழங்கால் சைக்கிளுக்கு ஒத்துவராது. முதலுதவிப் பெட்டியோடு நான் வேனில் போனேன்.

கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது அவள் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் இறந்துவிட்டார். அறையைக் காலி செய்ய அவர் மகன் நாலு நாள் கொடுத்தார். பெட்டிகளைக் கொண்டுவந்து என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, பயணத்துக்கு வந்துவிட்டாள்.

மெதுவாக ஓட்டுகிறவள் என்பதால் அவளைக் கடைசி ஆளாகப் போட்டார்கள். கடைசி ஆள் யாரையும் முந்தக் கூடாது. யார் பஞ்சராகி நின்றாலும் கூடவே நிற்க வேண்டும். மூன்றாம் நாளே 'வால்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"சின்ன வயசுல ஒரு சேட்டையும் பண்ணல. பேர் மட்டும் இப்ப வந்து சேருது" என்றாள்.

நாளெல்லாம் அவள் பார்த்தது முதுகுகளைத்தான். வெயில் ஏறும்போது அவையும் மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்துவிடும். பிறகு சாலையும் எதிர்க்காற்றும்தான். நோயாளி வீட்டிலாவது மணிக்கு ஒருதரம் யாராவது கூப்பிடுவார்கள். இங்கே கூப்பிட ஆளில்லை. மதியம் அவள் வந்து சேரும்போது மற்றவர்கள் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். அவள் தட்டை நான் மூடி வைத்திருப்பேன். அதை எடுத்துக்கொண்டு வேனின் நிழலில் தனியாக உட்காருவாள்.

சாயங்காலம் ஏதாவது ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஊர்க்காரர்களைக் கூட்டிப் பேசுவார்கள். பயணத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். எங்களுக்கு அவர் கேப்டன். தினமும் அவளையும் பேசச் சொல்வார். அவளும் எழுந்து இதையே சொல்வாள்:

"பதினோரு வீட்டுல இருந்திருக்கேன். ஒரு சுவத்துலயும் ஆணி அடிச்சதில்ல. அடிக்கலாமான்னு கேட்டதும் இல்ல."

கைதட்டுவார்கள். அதற்குள் அவள் உட்கார்ந்திருப்பாள்.

இருபத்துநாலாம் நாள் தங்கிய ஊரில்தான் அந்தச் சங்கத்தின் அலுவலகம் இருந்தது. அவள் பேசி முடித்ததும் அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் எங்களிடம் வந்தாள்.

"அம்மா, நீங்கதானா அது? உங்களுக்கு வீடு ஒதுக்கி லெட்டர் போட்டோமே. திரும்பி வந்துடுச்சு."

மறுநாள் காலை அலுவலகத்தில் உறையைக் காட்டினாள். விலாசத்தின் மேல் கோடு போட்டு, 'இங்கே இல்லை' என்று எழுதியிருந்தது. பெரியவர் மகனின் கையெழுத்து.

"ஃபோனும் பண்ணிப் பார்த்தோம்மா. அதுவும் அந்த வீட்டு நம்பர்தான். போயிட்டாங்க, எங்கேன்னு தெரியாதுன்னாங்க. மூணு வாரத்துக்குள்ள பதில் வரலேன்னா அடுத்த ஆளுக்குக் குடுக்கணும். மூணு நாள் முன்னாடிதான் குடுத்தோம்."

"இவ்வளவு நாளா உங்க சைக்கிள் பயணத்துலதானே வந்துட்டிருக்கா?" என்றேன் நான்.

"பயணத்துல வர்றவங்க பட்டியல் வேற ஆஃபீஸ்ல இருக்கும்மா."

எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோரும் செய்யும் தப்புதான் இது. எந்தத் தாளை நீட்டினாலும் அப்போது இருக்கும் நோயாளியின் விலாசத்தை எழுதிவிடுவோம். கடிதம் வந்தால் வாங்கி வையுங்கள் என்று அந்த மகனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாங்கி வைத்திருப்பார். சாவு விழுந்த வீட்டில் தன் காரியத்தைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

கேப்டனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அக்கா, இதை இப்படியே விட முடியாது. நான் மேலிடத்துல பேசறேன்."

அவள் அந்தப் பெண்ணிடம், "அந்த வீட்டுக்கு யாரும்மா வந்திருக்காங்க?" என்று கேட்டாள்.

"ஒரு அப்பாவும் சின்னப் பொண்ணும். கார் ஷெட்ல இருந்தவங்க."

"பெட்டியெல்லாம் பிரிச்சிருப்பாங்க. விடுங்க கேப்டன்." உறையை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். "அவர் சரியாத்தானே எழுதியிருக்கார். நான் அங்க இல்லையே."

அன்று சாயங்காலம் வேறு யாரையாவது பேசவிடலாம் என்றார் கேப்டன். அவள் எழுந்து, பதினோரு வீடு, ஆணி எல்லாவற்றையும் ஒரு சொல் மாறாமல் சொன்னாள். நாங்கள்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மீதி நாட்களையும் ஓட்டினாள். கடைசி நாள் எல்லோரும் முன்சக்கரத்தைக் கடலில் நனைத்துப் படம் எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்கள். வழியில் ஒருவர் செயின் அறுந்து நின்றதால் அவள் வர முக்கால் மணி நேரம் ஆனது. செயின் அறுந்தவரும் நேரே சாப்பாட்டுக்குப் போய்விட்டார். தனியாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். சக்கரம் நனையும்வரை நின்றாள். திரும்பி வந்து, செயினில் உப்பு ஏறிவிடும் என்று என்னிடம் துணி கேட்டாள்.

ஊருக்குத் திரும்பியதும் மறுபடி மனு எழுதினாள்.

"என் விலாசத்தைப் போடேன்" என்றேன்.

"நீயும் இருக்கறது உன் மருமக வீடு. முதல்ல அவளைக் கேளு."

நான் கேட்கவில்லை.  அவள் விலாசத்தை நிரப்பாமல் மனுவை மடித்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த வேலை, பக்கவாதம் வந்த ஒரு தையல்காரர் வீட்டில். நான்தான் கூட்டிப்போனேன். சம்பளம், லீவு, சாப்பாடு எல்லாவற்றையும் அவர் மகள் சொல்லி முடித்து, "வேற ஏதாவது கேட்கணுமா?" என்றாள்.

"எனக்கு ஒரு லெட்டர் வரும். வர ஒரு வருஷம்கூட ஆகலாம். அப்ப நான் இங்க இல்லேன்னாலும் திருப்பி அனுப்பாம வாங்கி வைப்பீங்களா?"

 மகள் உள்ளே போய் ஒரு துண்டுத் தாள் கொண்டுவந்து, பேரைக் கேட்டு எழுதி, வாசலில் இருந்த தபால் பெட்டியில் அப்பா பேருக்குக் கீழே வைத்துப் பார்த்தாள்.

"மேல டேப் ஒட்டிடுங்க. மழையில கரைஞ்சிடும்" என்றாள் அவள்.